எதிரெதிரே வருபவர்கள் எப்போது சந்திப்பார்கள்? தூரம், வேகம், நேரம்: ஒரு கணக்கின் வரலாறு



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணித ஆசிரியர் இல்லை, தமிழாசிரியர். அப்புறம் எதுக்கு இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். ஒருநாள் தமிழ் வகுப்பு முடிந்ததும் உயர்நிலை 1 மாணவன் ஒருவன் கணக்குத் தாளோடு நின்றான். "என்ன கேக்குறாங்கன்னே புரியல டீச்சர்" என்றான். "சரி, கேள்வியைத் தமிழ்ல உன் வாயால சொல்லு, பாப்போம்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "கணக்கையெல்லாம் தமிழ்ல சொல்ல முடியுமா டீச்சர்?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில். மாணவர்களே, இதில் வரும் கணக்குகளைப் பேனாவும் தாளுமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

ஜாலான் புசாரில் ஒரு கணக்கு

ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் 'பெரிய சாலை'. அங்குள்ள எம்ஆர்டி நிலையம் 2017 அக்டோபர் 21ஆம் தேதி திறக்கப்பட்டது. அதிலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்தே ரோச்சோர் நிலையத்துக்குப் போய்விடலாம். இரண்டும் ஒரே டௌன்டவுன் பாதையில்தான் இருக்கின்றன. ஆனால் ரோச்சோரில் ரயில் ஏறி ஜாலான் புசாரில் இறங்கிப் பாருங்கள். பூகிஸ், புரொமனாட், பேஃப்ரண்ட், டௌன்டவுன், தெலுக் ஆயர், சைனாடவுன், ஃபோர்ட் கேனிங், பென்கூலன் என்று நகரத்தைச் சுற்றிக்கொண்டு ஒன்பதாவது நிறுத்தமாகத்தான் ஜாலான் புசார் வரும்! நிலையத்துக்கு நிலையம் 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட 18 நிமிடம் ஆகிறது.

ரயில் வேகமா, நடை வேகமா? ரயில்தான். அப்படியானால் நடந்தவர் எப்படி முதலில் வந்தார்? அவர் கடந்த தூரம் மிகக் குறைவு. வேகம் மட்டும் தெரிந்தால் போதாது. தூரம், வேகம், நேரம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைக்கும்.

தூரம் = வேகம் × நேரம்

இந்த ஒரு வரிதான் மொத்தக் கணக்குக்கும் வேர். இதை மனப்பாடம் செய்யாத மாணவர் இல்லை. ஆனாலும் கேள்வி நான்கு வரி நீண்டுவிட்டால் பலரும் தடுமாறுகிறார்கள். ஏன் என்று பார்ப்பதற்கு முன், இந்த உறவு நம் மொழிக்குள் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று பாருங்கள்.

கூப்பிடு, நாழிகை வழி, காதம்

பழைய தமிழ் நீட்டலளவையில் 'கூப்பிடு' என்று ஓர் அளவு உண்டு. ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழும் தொலைவு. இன்றும் ஊரில் 'கூப்பிடு தூரத்துலதான் வீடு' என்று சொல்வார்கள். 'நாழிகை வழி' என்று இன்னோர் அளவும் உண்டு. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஆகவே ஒரு நாழிகை 24 நிமிடம். அந்த 24 நிமிடத்தில் ஒருவர் நடக்கும் தொலைவுதான் நாழிகை வழி.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாழிகை என்பது நேரம். வழி என்பது தூரம். இரண்டையும் ஒட்டினால் நடுவில் மனிதனின் நடைவேகம் மறைந்து நிற்கிறது. 'எம்ஆர்டியிலிருந்து அஞ்சு நிமிஷ நடை' என்று நாம் வீடு காட்டுவதும் அதே முறைதான். வேகத்தை வாய்விட்டுச் சொல்லாமலேயே அதைப் பயன்படுத்துகிறோம்.

பெரிய தொலைவுக்குக் காதம் இருந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரை எங்கே என்று கண்ணகி கேட்க, கோவலன் சொல்லும் விடைக்கு முப்பது காதம் என்று பொருள் கொள்வார்கள். காதம் ஏறக்குறைய 10 மைல் என்று அகராதியில் பார்க்கிறோம். அப்படியென்றால் 300 மைல், அதாவது சுமார் 480 கிலோமீட்டர் வர வேண்டும். ஆனால் பூம்புகாரிலிருந்து திருச்சிராப்பள்ளி வழியாக மதுரைக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவுதான். அப்படியானால் அந்தக் காதம் 10 கிலோமீட்டரைத் தாண்டாது. அளவுகள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறியிருக்கின்றன. தேர்வில் கிலோமீட்டரையும் மீட்டரையும், மணியையும் நிமிடத்தையும் கலந்துவிட்டு மதிப்பெண் இழக்கிறோமே, அதே சிக்கல்தான் இது. எந்த அலகு என்று பார்க்காமல் எண்ணை நம்பக்கூடாது.

ஆரியபட்டர் சொன்ன விதி

இப்போது எதிரெதிரே வருபவர்களுக்கு வருவோம். ஆரியபட்டர் 476ஆம் ஆண்டு பிறந்தவர். 499இல், 23 வயதில், ஆரியபட்டீயம் எழுதினார். அதில் கணிதத்துக்கான பகுதி வெறும் 33 பாடல்கள். 31ஆவது பாடல்தான் நமக்குத் தேவையானது. அதன் கருத்தை என் சொற்களில் தருகிறேன்:

இரண்டு பொருள்கள் எதிரெதிரே நகர்ந்தால், இடைத்தொலைவை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் நகர்ந்தால், இடைத்தொலைவை வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது அவை சந்திக்கும் நேரம் அல்லது சந்தித்து ஆன நேரம்.

அவ்வளவுதான். நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கவின் ஜாலான் புசார் நிலையத்திலிருந்தும், நிலா பெண்டமியர் நிலையத்திலிருந்தும் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்கிறார்கள். இடைத்தொலைவு 1,200 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கவின் நிமிடத்துக்கு 70 மீட்டர், நிலா 80 மீட்டர். ஒவ்வொரு நிமிடமும் இடைவெளி 150 மீட்டர் குறைகிறது. 1,200 ÷ 150 = 8. எட்டாவது நிமிடத்தில் சந்திப்பார்கள். அப்போது கவின் 560 மீட்டர், நிலா 640 மீட்டர் நடந்திருப்பார்கள். கூட்டிப் பாருங்கள், 1,200 வருகிறதா?

ஆரியபட்டர் இதை வழிப்போக்கர்களுக்காக மட்டும் எழுதவில்லை. அவர் கண் வானத்தில் இருந்தது. உங்கள் வீட்டுத் தினக்காட்டியில் அமாவாசை போட்டிருக்கும் பாருங்கள். அது ஒரு துரத்தல் கணக்கு. நிலா ஒரு நாளில் வானத்தில் ஏறக்குறைய 13.2 பாகை நகர்கிறது. சூரியன் ஏறக்குறைய 1 பாகை நகர்வதாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே திசை. வித்தியாசம் 12.2. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குள் நிலா ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை கூடுதலாக ஓடிச் சூரியனைப் பிடிக்க வேண்டும். 360 ÷ 12.2 = 29.5 நாள். திதி என்பதும் இதிலிருந்து வந்ததுதான். நிலாவும் சூரியனும் 12 பாகை விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு திதி.

ஒரு சொல்லையும் கவனியுங்கள். அந்தப் பாடலில் வேகத்துக்கு ஆரியபட்டர் பயன்படுத்திய சொல் 'கதி'. இலங்கையின் தமிழ்ப் பாடநூல்களில் இன்றைக்கும் திசை சேராத வேகத்துக்குக் 'கதி' என்றுதான் பெயர். திசையும் சேர்ந்தால் அங்கே 'வேகம்'. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதையே 'வேகம்', 'திசைவேகம்' என்பார்கள். இணையத்தில் தமிழ்ப் பாடக்குறிப்பு தேடும் மாணவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழப்பம்தான்.

காட்டு வாத்தும் முக்காலே மூணு வீசமும்

இந்தக் கணக்கு நம்மிடம் மட்டும் இருந்தது என்று மார்தட்ட வேண்டாம். 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற பழைய சீன நூலில் ஒரு வாத்தும் ஒரு காட்டு அன்னமும் வருகின்றன. வாத்து தென்கடலிலிருந்து வடகடலுக்கு 7 நாளில் பறக்கும். அன்னம் வடகடலிலிருந்து தென்கடலுக்கு 9 நாளில் பறக்கும். ஒரே நேரத்தில் புறப்பட்டால் எப்போது சந்திக்கும்?

தூரம் எவ்வளவு என்று சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? முழு வழியை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்து ஒரு நாளில் 1/7 பங்கு, அன்னம் 1/9 பங்கு. இரண்டும் சேர்ந்து 16/63 பங்கு. ஆகவே 63/16 நாள், அதாவது 3 முழு நாளும் 15/16 நாளும்.

இந்த 15/16க்குத் தமிழில் நேரடிப் பெயர் உண்டு. வீசம் என்றால் 1/16. முக்கால் என்பது 12/16. அதோடு மூன்று வீசம் சேர்ந்தால் 15/16. 'வேலை முக்காலே மூணு வீசம் முடிஞ்சிருச்சு' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஏதோ பேச்சுவழக்கு என்று நினைத்தோம். அது துல்லியமான பின்னம்! திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை வாய்விட்டு ஒப்பித்துப் படித்த பிள்ளைகளுக்குக் காணி (1/80), மா (1/20), வீசம், கால், அரை எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

ஐரோப்பாவில் ஏறக்குறைய 800ஆம் ஆண்டில் அல்குயின் என்ற அறிஞர் தொகுத்ததாகக் கருதப்படும் புதிர்களில் ஒரு நாய் முயலைத் துரத்துகிறது. இடைவெளி 150 அடி. முயல் 7 அடி தாவும்போது நாய் 9 அடி தாவும். இப்போது விதி உங்களுக்குத் தெரியும். 150 ÷ 2 = 75 தாவல்.

பெயர் தெரியாததற்கு ஒரு பெயர்

இதுவரை எழுத்தே இல்லாமல் விடை கண்டோம். அப்படியானால் இயற்கணிதம் எதற்கு? விதி தெரிந்த கணக்குக்கு விதி போதும். விதி இல்லாத புதுக் கணக்கு வந்தால்? அப்போது தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு, அதைத் தெரிந்த எண்போலவே கையாள வேண்டும்.

1881இல் பெஷாவருக்கு அருகே பக்‌ஷாலி என்ற ஊரில் மரப்பட்டைச் சுவடி ஒன்று கிடைத்தது. அதன் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. அதில் பயணக் கணக்குகள் இருக்கின்றன. தெரியாத எண் வரவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலில் தெரியாத எண்களைக் குறிக்க வண்ணங்களின் பெயர்கள் வந்தன. 1114இல் பிறந்த இரண்டாம் பாஸ்கரர் முதல் எண்ணை 'யாவத்தாவத்' என்றார், 'எவ்வளவோ அவ்வளவு' என்று பொருள். அடுத்தடுத்த எண்களுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. எழுதும்போது முதல் எழுத்தை மட்டும் போட்டார்: யா, கா, நீ. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி 'பொருள்' என்று பொருள்படும் அரபுச் சொல்லைப் பயன்படுத்தினார். நாம் இன்று போடும் எக்ஸ் எழுத்து 1637இல் டேக்கார்ட் அச்சிட்ட நூலிலிருந்து நிலைபெற்றது.

தமிழுக்கு இது எப்போது வந்தது? 1823இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை, 1855இல் 'வீசகணிதம்' என்ற தமிழ் நூலை வெளியிட்டார். பீஜம், அதாவது விதை என்ற சொல்தான் தமிழில் வீசம் ஆனது. மேலே பார்த்த பின்ன வீசத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிறகு இலங்கையில் 'அட்சரகணிதம்' என்ற பெயரும், தமிழ்நாட்டில் 'இயற்கணிதம்' என்ற பெயரும் நிலைத்தன. கணக்கைத் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்ட என் மாணவனுக்கு இந்த ஆண்டைத்தான் சொல்ல விரும்புகிறேன்: 1855.

நம் ஊரில்

சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி ரோட்டில், ஜாலான் புசாருக்குப் பக்கத்திலேயே, உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. நம்மில் பலர் அங்கே படித்தவர்கள், அல்லது பயிலரங்குக்குப் போய்வந்தவர்கள். அந்தப் பெயர் 1946இல் தொடங்கிய தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1982இல் மூடப்பட்டது. அதுபோன்ற தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் தமிழை மட்டும் படிக்கவில்லை. கணக்கையும் தமிழில்தான் போட்டார்கள். 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாயிற்று.

அந்த மாற்றத்தால் நமக்குப் பெரிய நன்மைகள் கிடைத்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கைநழுவியது. என் மாமா ஒருவர் தமிழ்வழியில் படித்தவர். அந்தத் தாளை அவரிடம் காட்டிக் கேள்வியைச் சொன்னேன். பேனாகூட எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் கிட்ட வர்றாங்களா, ஒருத்தன் இன்னொருத்தனைத் தொரத்துறானா? அதைச் சொல்லு முதல்ல" என்றார். ஆரியபட்டர் பிரித்ததும் அப்படித்தானே!

இன்றைய நிலையில் இது முக்கியம். 1980களில் கோ தெக் ஹோங் தலைமையிலான குழு உருவாக்கிய கட்டப்பட முறையில் நம் பிள்ளைகள் தொடக்கநிலையில் பழகுகிறார்கள். 2021இல் தொடக்கநிலை 1இல் அறிமுகமான புதிய பாடத்திட்டம், ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2026இல் தொடக்கநிலை 6ஐ எட்டுகிறது. அதில் 'வேகம்' என்ற பாடம் இல்லை, அது உயர்நிலை 1க்குப் போய்விட்டது. அதாவது இனி வரும் மாணவர்கள் வேகத்தையும் எழுத்துச் சமன்பாட்டையும் ஏறக்குறைய ஒன்றாகச் சந்திப்பார்கள். கதையைப் புரிந்துகொள்ளாமல் எழுத்துக்குத் தாவினால் கணக்கு பயமுறுத்தும்.

கேள்வியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்வது நான்கு படிகள். ஒன்று, கதையைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு, 'இருந்து', 'நோக்கி', 'முன்பு', 'கழித்து', 'பின்தொடர்ந்து' என்ற சொற்களைக் கண்டுபிடியுங்கள். யார் எங்கே, எப்போது என்பதை அவைதான் சொல்கின்றன. மூன்று, தெரியாத ஒன்றுக்குப் பெயர் வையுங்கள். நான்கு, கதையில் எது எதற்குச் சமம் என்று கேளுங்கள். நான்காவதுதான் உயிர். 'சமம்' என்பது சமன்பாட்டின் பயனிலை. அது கிடைக்காவிட்டால் வாக்கியம் முடியாது.

ஒரு துரத்தல். தம்பி நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் நடந்து போகிறான். 5 நிமிடம் கழித்து அக்கா சைக்கிளில் 160 மீட்டர் வேகத்தில் பின்தொடர்கிறாள். எப்போது பிடிப்பாள்? அக்கா ஓட்டிய நேரம் 'யா' நிமிடம். தம்பி நடந்தது யா + 5. எது சமம்? பிடிக்கும்போது இருவரும் கடந்த தூரம் சமம்.

160 யா = 60 (யா + 5)
160 யா = 60 யா + 300
100 யா = 300
யா = 3

மூன்றாவது வரியைப் பாருங்கள். 100 என்பது வேகங்களின் வித்தியாசம். 300 என்பது அக்கா புறப்படும்போது இருந்த இடைத்தொலைவு. 499இல் சொன்ன விதி நம் கண்முன்னே தானாக வந்து நிற்கிறது! இயற்கணிதம் அந்த விதியைத் தள்ளிவிடவில்லை, அது ஏன் சரி என்று காட்டுகிறது.

இப்போது அந்த விதி உதவாத இடம். ஒருவர் பேருந்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து திரும்புகிறார். மொத்தம் 1 மணி நேரம். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? இங்கே இருவர் சந்திக்கவில்லை, துரத்தவும் இல்லை. ஒருவழித் தூரம் 'யா'. போன நேரமும் வந்த நேரமும் சேர்ந்து 1 மணி.

யா/20 + யா/5 = 1
யா + 4 யா = 20
யா = 4

நான்கு கிலோமீட்டர். சராசரி வேகம் கேட்டால் உடனே 20ஐயும் 5ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 12.5 என்று எழுதுபவர்கள் அதிகம். தவறு. மொத்தத் தூரம் 8, மொத்த நேரம் 1, சராசரி 8தான். அவர் மெதுவாக நடந்த நேரம்தான் அதிகம், 48 நிமிடம். பேருந்தில் இருந்தது 12 நிமிடமே.

அந்த மாணவனை அடுத்த வாரம் மறுபடி உட்கார வைத்தேன். கணக்கைத் தமிழில் சொல்லச் சொன்னேன். முதலில் திக்கினான், பாதி ஆங்கிலம் கலந்தது. 'நோக்கி' என்ற சொல்லுக்கு வந்ததும் நிறுத்தினான். "ஓ, எதிரெதிரா வர்றாங்களா? அப்ப கூட்டணும்ல டீச்சர்?" என்றான். மீதியை அவனே போட்டுவிட்டான்.

ஆசிரியர்களே, கருத்தறிதல் வகுப்பில் ஒருமுறையாவது இப்படியொரு கணக்கைப் பத்தியாகக் கொடுத்துப் பாருங்கள். வேற்றுமை உருபும் வினையெச்சமும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நல்ல விடையாக இருக்கும்.

பயிற்சிக்கு ஒன்று: 63 கிலோமீட்டர் இடைவெளியில் இருவர் எதிரெதிரே ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். ஒருவர் மணிக்கு 9, மற்றவர் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம். எப்போது சந்திப்பார்கள்? விடை வந்ததும் வாத்தையும் அன்னத்தையும் நினைத்துப் பாருங்கள். பிறகு அந்த விடையைத் தமிழ்ப் பின்னத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.